ஏழாவது அளவு நோட்டு

அந்த வீட்டுச் சுவர்களில் பதினாறு ஆண்டுகளாக ஓர் ஆணியும் ஏறியதில்லை. வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதி அப்படி. ‘சுவரில் ஆணி அடித்தல் ஆகாது’ என்று வீட்டுக்காரர் தம் கைப்பட எழுதி, அதற்கு இரட்டை அடிக்கோடும் இட்டிருந்தார். ஆகவே ‘பள்ளிச் சீருடைகள் தைத்துத் தரப்படும்’ என்னும் பலகை, சன்னல் கம்பியில் கட்டுக்கம்பியால் தொங்கிக் காற்றடிக்கும் போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆளுயரக் கண்ணாடி, கால் வலித்த விருந்தாளியைப் போல ஒரு நாற்காலியின்மேல் சாய்ந்து நின்றது. பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்க்கும் அளவுப் பட்டி, கதவின் பின்புறம் பசைத்தாளால் ஒட்டப்பட்டு, மாதம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் சரிந்து விழுந்தது.

ஆயினும் அங்கே குடியிருந்து தைத்துவந்த அவளுக்கு அந்த முன்னறையே கோயில், அதுவே களம். மூன்று தையல் மெஷின்கள், ஒரு வெட்டுமேசை, ஒரு தேய்ப்புமேசை, கூரையைத் தொடும் துணிச்சுருள்கள். நான்கு பள்ளிகளின் பிள்ளைகள் ஆயிரத்து நூறு பேர் ஆண்டுதோறும் அணிந்து செல்லும் சட்டையும் கால்சட்டையும் அங்கிருந்தே புறப்பட்டன. தெரு அவளை ‘யூனிஃபார்ம் அக்கா’ என்றது. சட்டைக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைத்து, தேய்த்து மடித்து அடுக்கும் அவள் கணவரைப் ‘பொத்தானார்’ என்றது. இருவரும் அப்பெயர்களை அரசன் அளித்த பட்டங்களாகவே ஏற்று வாழ்ந்தனர்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவ்வீட்டில் பேச்சுக்கும் நேரம் இராது. எஞ்சிய ஒன்பது மாதங்களிலோ மெஷின்கள் உறைபோட்டு உறங்கும். “இது பிள்ளைங்க வளர்றதுக்காகக் காத்திருக்கிற காலம்” என்பார் பொத்தானார், செய்தித்தாளை முகத்தின்மேல் விரித்துப் படுத்தபடி.

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் வீட்டுக்காரர் வந்தார். வாசற்படியிலேயே நின்று, தொண்டையைச் செருமி, தம் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

“வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்மா. மகன்கிட்டப் போய்ச் சேரணும். உங்களைக் கேக்காம வேற ஆளுக்குக் கொடுக்க மனசு வரலை. நாப்பது நாள் தர்றேன். நீங்க வாங்கிக்கிட்டா சந்தோஷம். இல்லேன்னா டயர் குடோன் வைக்க ஒருத்தர் கையில பணத்தோட நிக்கிறாரு.”

அவள் முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். அளவெடுக்கும் காலம் தொடங்க இன்னும் ஐம்பது நாள் இருந்தது. இரண்டு பள்ளிகள் அந்தத் தெருமுனையிலேயே இருந்தன. வாசல் மாறினால் அந்த வாசலுக்குப் பழகிய ஆயிரத்து நூறு பிள்ளைகளின் கால்களும் வழிமாறிப் போகும்; ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறியது. வைப்புக் கணக்கில் பதினாறு ஆண்டுச் சேமிப்பு இருந்தது. அது வீட்டு விலையில் கால்பங்கு. முக்கால்பங்குக்கு வங்கிதான் வழி.

கல்லூரியில் படிக்கும் மகள் அன்றே கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். தாயும் தந்தையும் இருபுறமும் குனிந்து, சோறு வெந்ததா என்று பார்ப்பவர்களைப் போலத் திரையைப் பார்த்தனர். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

“என்னடி போட்டிருக்கு?”

“வருந்துகிறோம்னு போட்டிருக்கும்மா.”

“எதுக்கு வருந்துறாங்களாம்?”

“கடந்த மூணு மாசத்துல போதிய வருமானம் இல்லையாம். இதுக்கு முன்னாடி கடன் வாங்கித் திருப்பின வரலாறும் இல்லையாம்.”

“கடனே வாங்காம இருந்தது குத்தமா?” என்று பொத்தானார் நிமிர்ந்தார். “நாலு நிமிஷத்துல ஒரு சட்டைக்குக் காலர்கூட வைக்க முடியாதே. நம்ம பதினாறு வருஷத்தை அதுக்குள்ள கிழிச்சுப் போட்டுடுச்சா?”

அவள் அன்று முழுவதும் சும்மா கிடந்த மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாட் காலை, வழக்கம்போல் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றவும் மறந்து, வங்கிக்கு நடந்தாள்.

வங்கியின் வாயிலில் ஆள்மட்டத்துக்கு ஒரு தொடுதிரை நின்றது. ‘வீட்டுக் கடனா? என்னைத் தொடுங்கள்’ என்று அது ஒளிர்ந்தது. அவள் தொட்டாள். நேற்றைய பதிலையே அது இன்னும் பெரிய எழுத்தில் சொல்லிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்துவிடுவார்களே என்ற கூச்சத்தில், திரையை மறைத்துக்கொண்டு நின்றாள். அங்கே நின்ற காவலாளி அதைக் கண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அது அவ்வளவுதாம்மா சொல்லும். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேடம் உக்காந்திருப்பாங்க. அவங்களைப் பாருங்க.”

மாடிப்படியின் சரிவுக்குக் கீழே, எழுந்தால் தலை இடிக்கும் மூலையில், ஒரு மேசை கிடந்தது. அதன்பின் நாற்பதைத் தொடாத ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிளையில் எஞ்சியிருந்த ஒரே கடன் அதிகாரி அவள்தான்.

“உக்காருங்கம்மா. டேப்போட வந்திருக்கீங்க, அளவெடுக்கவா?”

அப்போதுதான் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க மேடம். தூங்கும்போதுகூடச் சில நாள் கழட்ட மறந்துடுவேன்.”

“பரவாயில்லை, இருக்கட்டும். வாசல்ல இருக்கிற மெஷின் என்ன சொல்லிச்சு?”

“மூணு மாசமா வருமானம் இல்லைன்னு சொல்லிச்சு.”

“உண்மையா?”

“உண்மைதான் மேடம்.”

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி அணிந்துகொண்டாள். “அந்த மூணு மாசமும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“சும்மா இருந்தேன். யூனிஃபார்ம் தைக்கிறவளுக்கு ஸ்கூல் நடக்கும்போது என்ன வேலை? அதான் பேங்குக்கு வர நேரம் கிடைச்சுது.”

“வேலை இருக்கிற மாசத்துல வந்திருந்தா மெஷின் வேற மாதிரி பேசியிருக்குமே?”

“வேலை இருக்கிற மாசத்துல எனக்கு மூக்கைச் சொறியவே நேரம் இருக்காது மேடம். பேங்குக்கு எப்படி வர்றது?”

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஏளனம் சற்றும் கலவாத சிரிப்பு. கையில் காசு புழங்கும் காலத்தில் வங்கிப் பக்கம் தலைகாட்டாமல், கை காய்ந்த காலமாகப் பார்த்து வந்து கடன் கேட்ட பிழை, சீருடை தைப்பவர் அன்றி வேறொருவர் செய்யக்கூடிய பிழையன்று.

“சரிம்மா. வீட்டு வாடகை மாசம் என்ன தர்றீங்க?”

“மாசாமாசம் தர்றதில்லை மேடம்.”

அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

“சீசன் முடிஞ்சு ஸ்கூல்ல பணம் கொடுத்ததும், பன்னெண்டு மாச வாடகையையும் மொத்தமா எடுத்துட்டுப் போய் வீட்டுக்காரர் கையில கொடுத்துடுவேன். கையில வச்சிருந்தா செலவாயிடும்னு பயம். துணிக்கடைக்காரருக்கும் அதே மாதிரிதான். யாருக்கும் பாக்கி வைக்க மாட்டேன்.”

“ரசீது?”

“எங்க அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரு. வருஷத்துக்கு ஒரு நோட்டு.”

அதிகாரி தன் நாட்குறிப்பில் எதையோ அடித்துவிட்டு வேறொன்றை எழுதினாள். “வாசல்ல போய்க் கேட்டா பதில் கிடைக்கும்மா. என்கிட்ட வந்தா கேள்விதான் கிடைக்கும். சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். எல்லா நோட்டையும் எடுத்து வைங்க.”

சனிக்கிழமைக்குள் அந்த முன்னறை, மணப்பெண் வரப்போகும் வீடுபோலத் துலங்கியது. அளவுப் பட்டியைப் புதுப் பசைத்தாளால் ஒட்டினார்கள். கண்ணாடியின் நாற்காலிக்கு உறை மாற்றினார்கள். நோட்டுகளை ஆண்டு வரிசையில் வெட்டுமேசைமேல் அடுக்கினார்கள். அடுக்கும்போது, மகளும் கணவரும் காணாத கணத்தில், அவள் அவற்றுள் ஒன்றை உருவித் தேய்ப்புமேசையின் கீழ் துணிமூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

அதிகாரி வந்தாள், பிஸ்கட்டை மறுத்தாள், தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள். பொத்தானார் உபசாரமாக, “மேடத்துக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? எந்த ஸ்கூல்?” என்று தொடங்கினார்.

“அதைக் கேக்காதீங்க சார். நாளைக்கு உங்க ஃபைல்ல என் கையெழுத்து நிக்கணும். என் வீட்டுப் பிள்ளைக்கு நீங்க ஒரு பொத்தான் தச்சிருந்தாலும் அது நிக்காது.”

பொத்தானார் வாயை இறுக மூடிக்கொண்டார். அதன்பின் அதிகாரி படிக்கத் தொடங்கினாள், மேலோட்டமாகப் புரட்டவில்லை. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், மார்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று கட்டங்களில் ஓடிய எண்களை, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கெதிரிலும் ‘உள் 2’ ‘உள் 1½’ என்று ஒரு குறிப்பு இருந்தது.

“இது என்னம்மா?”

“அது உள்ள விட்ட துணி மேடம். வளர்ற பிள்ளைங்க. கீழ் மடிப்புல ரெண்டு இஞ்ச் கூட விட்டுத் தைப்பேன். பாதி வருஷத்துல உயரமாயிட்டா வந்து பிரிச்சு விட்டுக்கலாம். அதுக்குக் காசு வாங்க மாட்டேன்.”

“காசு வாங்காதபோது அதை எதுக்கு எழுதி வைக்கிறீங்க?”

“எவ்வளவு மிச்சம் விட்டிருக்கேன்னு எனக்குத் தெரியணுமே மேடம்.”

அதிகாரி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் திறந்தாள். ‘பன்னிரண்டு மாத வாடகை முழுதும் முன்னதாகப் பெற்றேன்’ என்னும் ஒரே வாசகம், ஒரே கையெழுத்து, ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டே இருந்தது. எண்ணி முடித்து நிமிர்ந்தவள் கேட்டாள்:

“பதினாறு வருஷம்னு சொன்னீங்க. இங்க பதினஞ்சு நோட்டுதான் இருக்கு.”

பொத்தானார் அடுக்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் முந்தைய கணம்வரை நிமிர்ந்திருந்த தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏழாவது நோட்டு எங்கேம்மா?” என்றாள் மகள், ஒன்றும் அறியாமல்.

“தொலைஞ்சு போச்சு” என்று சொல்ல வாய் எடுத்தாள் அவள். ஆண்டவனை நினைத்துத் தொடங்கிய காரியத்தில் பொய்யை ஊடாக நுழைக்க நா எழவில்லை. மெல்ல எழுந்து போய், மூட்டைக்குப் பின்னிருந்து அந்த நோட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

“அந்த வருஷம் மட்டும் சரியில்லை மேடம். அதைப் பாத்தா கொடுக்கிற மனசும் போயிடும்னு நெனச்சேன்.”

அதன் கடைசிப் பக்கத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. வாடகை மூன்று துண்டாகச் சென்றிருந்தது. உள்பக்கங்களிலோ நூற்றுக்கணக்கான வரிகள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அருகில் மறுபடி எழுதப்பட்டிருந்தன.

“என்ன நடந்துச்சு?”

“ஸ்கூல் திறக்க மூணு வாரம் இருக்கும்போது ஒரு ஸ்கூல்ல சட்டைக் கலரை மாத்திட்டாங்க. வெளிர்நீலம் வேண்டாம், கருநீலம்தான் வேணும்னு. நான் முன்னூத்திப் பத்து சட்டை தச்சு முடிச்சிருந்தேன். துணிக்காரருக்குப் பணமும் கொடுத்தாச்சு.”

“அப்புறம்?”

“இவ அழுதா” என்றார் பொத்தானார். “ஒரே ஒரு மணி நேரம். அப்புறம் எழுந்து மூஞ்சியைக் கழுவிட்டு, பெரிய அண்டாவைக் கடன் வாங்கிட்டு வரச் சொன்னா. வாழ்க்கையில நாங்க வாங்கின ஒரே கடன் மேடம், அந்த அண்டாதான். முன்னூத்திப் பத்தையும் சாயத்துல முக்கினோம். துணி சுருங்கி அளவெல்லாம் மாறிப் போச்சு. வெள்ளைப் பொத்தானும் நீலமாயிடுச்சு. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடியும் தச்சேன். ரெண்டு மாசம் என் விரலைப் பாத்தவங்க எனக்கு ஏதோ வியாதின்னு நெனச்சாங்க.”

“ஸ்கூல் திறந்தன்னைக்கு?”

“எல்லாப் பிள்ளையும் கருநீலத்துல போச்சு மேடம்” என்றாள் அவள். “ஒரு பிள்ளைகூட பழைய சட்டையில போகலை. ஆனா சாயத்துக்கே பணம் கரைஞ்சு போச்சு. அதான் வாடகை மூணு தவணையாயிடுச்சு. அடுத்த சீசனுக்கு முன்னாடியே தீர்த்துட்டேன்.”

அதிகாரி அந்த நோட்டை மூடினாள். மூடி, மற்ற பதினைந்தின் மேலே அதை வைத்தாள்.

“மத்த பதினஞ்சும் உங்களுக்கு நல்ல காலம் இருந்துச்சுன்னு சொல்லுதும்மா. கெட்ட காலம் வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு சொல்றது இது ஒண்ணுதான். எனக்கு முதல்ல வேண்டியது இதுதான். இதைப் போய் ஒளிச்சு வச்சீங்களே!”

அவள் விழி கலங்கியது. பொத்தானார் அவசர அவசரமாக ஒரு சட்டையை எடுத்து, ஏற்கெனவே தேய்த்ததை மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்” என்றாள் அதிகாரி, எழுந்துகொண்டே. “மெஷின் வேண்டாம்னு தள்ளின ஃபைலை நான் திருப்பித் திறந்தா, கமிட்டி உங்களை நேர்ல பாக்கணும். அதுல என் கையெழுத்து இருக்கும். கடன் கெட்டா என் பேரும் கெடும். கமிட்டித் தலைவருக்கு எங்க ஆபீஸ்ல கத்தரின்னு பேரு. எதையும் ஒரே வெட்டா வெட்டிடுவாரு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாகச் சிரித்தாள். “கத்தரிக்கு நான் பயப்பட மாட்டேன் மேடம். தினம் கையில பிடிக்கிறதுதானே.”

கமிட்டி கூடியது, வீட்டுக்காரர் தந்த கெடுவின் முப்பத்தோராம் நாள். தலைமை அலுவலகத்தின் ஐந்தாம் தளம். மேசை, குளம்போல் விரிந்து பளபளத்தது. ஒருபுறம் மூவர். நடுவில் கோட்டு அணிந்து, ஒடிசலாக, உதடு இறுகிய மனிதர் அமர்ந்திருந்தார். யாரும் சொல்லாமலே அவர்தான் கத்தரி என்பது தெரிந்தது. மறுபுறம் அவளும் பொத்தானாரும், அருகே அதிகாரி. பொத்தானாரின் கண் நுழைந்ததிலிருந்தே ஓரிடத்தில் நிலைத்திருந்தது. கத்தரியாரின் கோட்டில் நடுப்பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, அங்க பாக்காதீங்க” என்று அவள் உதடசையாமல் சொன்னாள்.

“விழப் போகுதும்மா.”

“விழட்டும்.”

கத்தரியார் கோப்பைத் திறந்தார். “சிஸ்டம் மறுத்திருக்கு. மூணு மாச வருமானம் பூஜ்யம். கடன் வரலாறு பூஜ்யம். இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?”

அதிகாரி, நோட்டுகளை மேசைமேல் நகர்த்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஏழாவது இருந்தது. “சிஸ்டம் மூணு மாசத்தைக் கேட்டுச்சு சார். நான் பதினாறு வருஷத்தைக் கேட்டேன். நாலு ஸ்கூல்ல இருந்தும் கடிதம் வாங்கியிருக்கேன். வரியும் எல்லா வருஷமும் கட்டியிருக்காங்க. வாடகையை மாசாமாசம் கொடுக்காததால சிஸ்டத்துக்கு அது தெரியலை. வருஷம் முழுக்க முன்கூட்டியே கொடுத்திருக்காங்க. அதனால தவணையையும் அப்படியே கேக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தவணை, சீசன் முடிஞ்சதும்.”

“அது விவசாயிகளுக்கு உள்ள ஏற்பாடு.”

“பருவ வருமானம் உள்ளவங்களுக்குன்னுதான் விதி சொல்லுது சார். விவசாயிக்கு மட்டும்னு நாமதான் வழக்கம் பண்ணிக்கிட்டோம்.”

கத்தரியார் விதிநூலை வாங்கிப் பார்த்தார். மற்ற இருவரும் இருபுறமும் எட்டிப் பார்த்தனர். அவர் நூலை மூடிவிட்டு, அவளை நோக்கி நேராகத் திரும்பினார்.

“சரிம்மா. விவசாயி மாதிரின்னே வச்சுக்குவோம். ஒரு வருஷம் பருவம் பொய்ச்சுப் போனா என்ன செய்வீங்க?”

அதிகாரி வாய் திறக்கப் போனாள், திறக்கவில்லை. யூனிஃபார்ம் அக்கா தன் கழுத்திலிருந்த டேப்பின் நுனியைப் பற்றிக்கொண்டாள். அன்று அவள் அதை மறந்து அணிந்து வரவில்லை. நினைத்தே அணிந்து வந்திருந்தாள்.

“விவசாயிக்கு மழை பொய்க்கும் சார். பிள்ளைங்க வளர்றது எந்த வருஷமும் பொய்க்கலை. போன வருஷச் சட்டை இந்த வருஷம் பத்தாது. அதை அந்த ஆண்டவனே நிறுத்தினாதான் உண்டு. கலரை மாத்துவாங்க, டிசைனை மாத்துவாங்க, கடைசி நேரத்துல காலை வாருவாங்க. அதெல்லாம் எனக்கு நடந்திருக்கு. மேல இருக்கிற நோட்டைப் பாருங்க. அந்த வருஷத்துலயும் ஒரு பிள்ளையும் பழைய சட்டையோட போகலை. நான் யாருக்கும் கடன்காரியா நிக்கவும் இல்லை.”

கத்தரியார் ஏழாவது நோட்டை எடுத்தார். முதலில் கடைசிப் பக்கம், மூன்று கையெழுத்துகள். பின்பு உள்ளே. சிவப்பில் அடித்த வரிகளும் அருகில் மறுபடி எழுந்த வரிகளும் பக்கம் பக்கமாக ஓடின. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் ஓசை கேட்டது. நான்கு நிமிடம் கடந்தது. பத்து நிமிடமும் கடந்தது. தன் வாழ்வை இன்னொருவர் வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். அச்சம் ஒழிந்தது. இனி இல்லை என்றே சொன்னாலும், படித்துவிட்டுச் சொன்னதாக இருக்கும் என்று தோன்றிற்று.

“‘உள் 2’ன்னா?” என்றார் கத்தரியார், தலை நிமிராமல்.

“வளர்றதுக்காக உள்ள விட்ட துணி சார்.”

“முன்னூத்திப் பத்துச் சட்டையில சாயம் போட்டதுக்கப்புறமும் இதை விட்டிருக்கீங்களே. துணியே பத்தாத நேரத்துல?”

“அந்தப் பிள்ளைங்களும் வளரும் இல்லையா சார்.”

அவர் நோட்டை மூடினார். வலப்புறத்தவரைப் பார்த்தார்; அவர் தலையசைத்தார். இடப்புறத்தவர் ஏற்கெனவே பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். கத்தரியார் தம் பேனாவை எடுத்து, கோப்பின் முதற்பக்கத்தில் அச்சாகியிருந்த ‘மறுக்கப்பட்டது’ என்னும் சொல்லைக் குறுக்காக ஒரே கோடாக வெட்டி, அதன் மேலே எழுதிக் கையெழுத்திட்டார்.

“இருபது வருஷம். வருஷத் தவணை. முதல் தவணை இந்த சீசனுக்கப்புறம்.” பிறகு அதிகாரியிடம், “இந்த நோட்டோட நகல் ஃபைல்ல இருக்கணும். அடுத்தவங்க யாராவது ‘எதுக்குக் கொடுத்தீங்க’ன்னு கேட்டா, படிக்கச் சொல்லுங்க” என்றார்.

அவள் எழுந்து கைகூப்பினாள். உள்ளே, மழை பெய்து ஓய்ந்த வயலில் நீர் நிறைவதுபோல, ஏதோ விளிம்புவரை நிறைந்தது. அதிகாரி மேசைக்குக் கீழே அவள் கையைப் பற்றி ஒருமுறை அழுத்திவிட்டாள்.

“சார்” என்றார் பொத்தானார். இனியும் அவரால் பொறுக்க முடியவில்லை. “கையெழுத்துப் போட்டாச்சு இல்லையா?”

“போட்டாச்சு.”

“இனிமே இதை லஞ்சம்னு யாரும் சொல்ல முடியாது இல்லையா?”

“எதை?”

பொத்தானார் சட்டைப் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். “அந்த நடுப்பொத்தானை, சார். வந்ததிலேர்ந்து என் உயிரை வாங்குது.”

கத்தரியார் குனிந்து தம் கோட்டைப் பார்த்தார். அவர் உதடுகள் பிரிந்ததை அந்த ஐந்தாம் தளம் அதுவரை கண்டதில்லை என்று, கீழே இறங்கும்போது அதிகாரி சொன்னாள்.

முப்பத்தொன்பதாம் நாள் பத்திரம் பதிவாயிற்று. வீட்டுக்காரர் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். கூடவே பழைய வாடகை ஒப்பந்தத்தையும் நீட்டி, “இது இனிமே எதுக்கு? நீங்களே கிழிச்சுடுங்க” என்றார்.

அவள் கிழிக்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டுமேசைமேல் விரித்து, ஒன்பதாம் விதியை எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, வெளியே சன்னலருகில் போய்க் கட்டுக்கம்பியை அறுத்துப் பலகையைக் கையில் எடுத்தாள்.

“நான் அடிக்கவா?” என்றார் பொத்தானார்.

“தொட்டீங்க, பாருங்க!”

மகள் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏறினாள். இஞ்ச் டேப்பால் வாசலின் அகலத்தை அளந்து, சுண்ணக்கட்டியால் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அப்போது தெருவில், மாலையில் வங்கி முடிந்து திரும்பும் வழியில், அதிகாரி வந்து நின்றாள். பத்திர நகல் அடங்கிய உறை அவள் கையில் இருந்தது.

“மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க! நடுவுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி அணிந்துகொண்டு, இரண்டடி பின்னால் சென்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அளந்துட்டீங்களா?”

“ரெண்டு தடவை.”

“அப்போ அடிங்க அக்கா.”

முதல் அடியில் காரை சிறிது உதிர்ந்தது. இரண்டாம் அடியில் ஆணி செங்கல்லைத் தேடிப் பற்றியது. மூன்றாம் அடியின் ஓசைக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான்காம் அடிக்குப் பக்கத்து வீட்டுச் சன்னல். ஐந்தாம் அடி தேவையே இல்லை. ஆயினும், பதினாறு ஆண்டுகளையும் ஒன்றாகத் திரட்டி, அவள் அதையும் அடித்தாள்.